பழைய மினி டிராக்டரில் பேட்டரியை அசையாமல் உட்காரவைப்பது எப்படி?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. ஜப்பான் வடிவமைப்பில் வந்த 18 குதிரைத்திறன் மினி டிராக்டர், கைமாறி வாங்கியது, வயது பதினெட்டு இருக்கும். தென்னந்தோப்பில் ரொட்டவேட்டர் ஓட்டுகிறார். பேட்டரி ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. வாங்கும்போதே அதைப் பிடிக்கும் கம்பியும் இல்லை, பட்டையும் இல்லை. சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. போன வாரம் வாய்க்கால் வரப்பில் ஏறி இறங்கும்போது பானட்டுக்குள் பளீரென்று பொறி பறந்திருக்கிறது. கட்டுவதற்கு நல்ல கயிறு எது, பெல்ட் எது என்று கேட்கிறார்.

கயிறு, பெல்ட் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பொறி. அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேட்டரி எகிறி, பாசிட்டிவ் முனை பானட் தகட்டில் பட்டிருக்கிறது. டிராக்டரின் இரும்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்ததுதான். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. பட்ட நொடியில் பல நூறு ஆம்பியர் பாயும், தடுக்க ஒன்றும் இல்லை. பானட்டைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கருகி, தகட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். அந்தத் தழும்பு ஒன்றுக்கு மேல் இருந்தால், உங்கள் கண்ணில் படாமல் முன்பும் பொறி பறந்திருக்கிறது. பேட்டரியை அசையாமல் பிடித்து வைக்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதீர்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் வயரிங் வேலைக்குப் போயிருந்தபோது பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. சொன்னேன். "நாலு சுத்து ட்யூப் போட்டிருக்கேனுங்க, எங்கீங்க அசையப் போகுது" என்றார் தோப்புக்காரர். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. அடுத்த மாதம் அதே வண்டி வரப்பில் சாய்ந்தபோது பேட்டரி ஒருபக்கமாகக் கவிழ்ந்து, பாசிட்டிவ் முனை பானட்டோடு ஒட்டிக்கொண்டது. கேபிளின் தோல் உருகி, ஹெட்லைட் வயர் கட்டு முழுவதும் எரிந்தது. அவர் என்ஜினை நிறுத்திவிட்டார், ஆனால் என்ஜின் நின்றாலும் பேட்டரி நிற்காதே. கேபிளைக் கழற்ற கையில் ஸ்பானர் இல்லை. கடைசியில் காய்ந்த மட்டையால் பேட்டரியைத் தள்ளி விலக்கிவிட்டு மண்ணை வாரிப் போட்டு அணைத்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

ட்யூப் ஏன் உதவாது என்று பார்ப்போம். ரப்பர் நீளும், அதுதான் அதன் குணம். சிறிய பேட்டரி சுமார் 10 கிலோ, கொஞ்சம் பெரியது 15 கிலோ. சக்கரம் குழியில் விழுந்து எழும்போது அந்த 15 கிலோ சில நேரம் அதன் எடையைப் போல மூன்று மடங்கு விசையோடு மேலே இழுக்கும். அதாவது 45 கிலோவைப் பிடிப்பது போல. ட்யூப் நீண்டு கொடுக்கும், பேட்டரி ஒரு விரற்கடை எழும்பும், பிறகு ட்யூப் அதை, அது உட்காரும் தட்டின் மேல் சுண்டி அடிக்கும். ஒரு குலுக்கல் இரண்டு அடியாகிறது. ரொட்டவேட்டர் ஓடும்போது இது நாள் முழுவதும் நடக்கும். சும்மா வைத்திருந்தாலே பரவாயில்லையோ என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு. போதாததற்கு, ஆசிட் ஆவி பட்ட ட்யூப் வெயிலில் வெடித்து ஆறு மாதத்தில் இற்றுவிடும்.

உங்கள் இரண்டு பேட்டரிகளும் அநேகமாக இப்படித்தான் போயிருக்கும். பேட்டரிக்குள் இருப்பது ஈயச் சட்டத்தில் அப்பிய பசைதான். சிமென்ட் பூச்சு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடி விழ விழ உதிரும். உதிர்ந்தது செல்லின், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் அறையின், அடியில் வண்டலாகத் தங்கும். வண்டல் ஏறி இரண்டு தகட்டையும் தொட்டுவிட்டால் அந்த செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். நேற்று மாலை வரை நன்றாக ஸ்டார்ட் ஆன வண்டி காலையில் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுவது இதனால்தான். மூடி திறக்கிற பேட்டரி என்றால் உள்ளே பாருங்கள். ஆசிட் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். களங்கி, பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் பசை உதிர்கிறது. முழுவதும் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறு செல். 10.5 பக்கம் நின்றுவிட்டால் ஒரு செல் போய்விட்டது, அந்தப் பேட்டரிக்காக மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் குலுக்கலின் மேல் போட்டுவிட முடியாது. புதுப் பேட்டரி வாங்கும் முன் சார்ஜிங்கையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். என்ஜினைப் பாதி ஆக்சிலரேட்டரில் ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றிச் சாகும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவே இல்லை. இந்த இரண்டில் எது இருந்தாலும், நீங்கள் எவ்வளவு அழகாகப் பேட்டரியைப் பிடித்து வைத்தாலும் மூன்றாவதும் போகும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். எல்லோரும் மேலே எதைக் கட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். நான் கீழேயிருந்து தொடங்கச் சொல்வேன். தட்டு இற்றுப்போயிருந்தால் மேலே தங்கப் பட்டை போட்டாலும் பயனில்லை, பிடிக்கிற போல்ட்டுக்கே பிடிமானம் இருக்காது.

தட்டுக்கும் முன்னால் பேட்டரியின் அளவு. கைமாறி வந்த வண்டிகள் பலவற்றில் தவறான அளவுப் பேட்டரிதான் இருக்கிறது. கடையில் கையிருப்பில் இருந்ததைக் கொடுத்திருப்பார்கள், அல்லது "பெரிசா போட்டா நல்லா இழுக்கும்" என்று போட்டிருப்பார்கள். ஜப்பான் முறைக் குறியீட்டில் அளவு அப்படியே எழுதியிருக்கும். 55டி23எல் என்றால், நடுவில் உள்ள எழுத்து அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும். பி என்றால் அகலம் சுமார் 129 மில்லிமீட்டர், டி என்றால் சுமார் 173. அடுத்த இரண்டு எண்கள் நீளம், சென்டிமீட்டரில். கடைசி எல் அல்லது ஆர் என்பது பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. இந்தக் கடைசி எழுத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மாறி வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. எட்டவைப்பதற்காகப் பேட்டரியைத் திருப்பி வைப்பார்கள். முனைகள் பானட் தாழ்ந்திருக்கும் முன்பக்கம் போய்விடும். உங்கள் பொறிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். தட்டின் உள் நீளம், உள் அகலம், தட்டிலிருந்து மூடிய பானட் வரை உயரம், பாசிட்டிவ் கேபிள் வரும் பக்கம், இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆம்பியர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, தட்டில் சரியாக உட்காருவதை வாங்குங்கள். 18 குதிரைத்திறன் என்ஜினைச் சுழற்ற மலையளவு பேட்டரி வேண்டியதில்லை.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவ் நட்டில் ஸ்பானர் இருக்கும்போது அதன் மறுமுனை தவறிப்போய் இரும்பில் பட்டாலும், நெகட்டிவ் கழன்றிருந்தால் ஒன்றும் நடக்காது. மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள். சார்ஜ் ஏறிய உடனே பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் தங்கியிருக்கும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பீடி, தீக்குச்சி, கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஆசிட் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு, பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேட்டரியைத் தூக்கியதும் தட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். பொங்கி நுரைக்கும். நுரை அடங்கியதும் இன்னொரு தரம் ஊற்றிப் பாருங்கள். இனிப் பொங்கவில்லை என்றால் ஆசிட் முறிந்துவிட்டது, தண்ணீர் அடித்துக் கழுவலாம். ரேடியேட்டரின் கீழ் வரிசைத் தகடுகளிலும் கொஞ்சம் ஊற்றுங்கள், ஆசிட் அங்கேயும் சொட்டியிருக்கும். பழைய பேட்டரியின் மேற்புறத்தையும் இதே கரைசலால் துடைக்கலாம், மூடிகள் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். சோடா ஒரு சொட்டு உள்ளே போனாலும் அந்த செல்லின் ஆசிட் கெடும்.

காய்ந்ததும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டு முழுவதையும் குத்திப் பாருங்கள், மூலைகளை முக்கியமாக. பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும், அடியில் இரும்பு அப்பளமாகியிருக்கும். உள்ளே இறங்கினால் ஒட்டுப்போட நினைக்காமல் புதுத் தட்டு செய்துவிடுங்கள். வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. 25-க்கு 25 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனத்தில் எல் ஆங்கிள் எடுத்து நான்கு பக்கமும் சட்டம், அடியில் 3 மில்லிமீட்டர் தகடு. தகட்டில் நான்கு மூலையிலும் 10 மில்லிமீட்டர் துளை, மழைத்தண்ணீரும் கசியும் ஆசிட்டும் தேங்காமல் இறங்க. சிலர் பாதுகாப்பு என்று நினைத்து நான்கு பக்கமும் சுவர் வைத்துப் பெட்டியாகவே அடித்துவிடுகிறார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற பேட்டரிக்கு அதைச் செய்யவே கூடாது. காற்று மறைந்து, சித்திரை வெயிலில் என்ஜின் சூடேறும். 25 மில்லிமீட்டர் விளிம்பு போதும், பேட்டரி நழுவாது.

தட்டு நட்டு போல்ட்டில் மாட்டியிருந்தால் கழற்றிக்கொண்டு போய் வெல்டு வையுங்கள். வண்டியிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரியை வண்டியை விட்டே இறக்கிவிடுங்கள், ஆல்டர்னேட்டர் வயர்களைக் கழற்றிவிடுங்கள், வெல்டிங் எர்த்தைத் தட்டுக்குப் பக்கத்திலேயே கடியுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, தட்டு சரியாகி, ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். டீசல் குழாய் எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன் மேல் எபாக்ஸி பெயின்ட். சாதாரண எனாமல் ஆசிட்டுக்குத் தாங்காது.

தட்டின் மேல் மெல்லிய, கெட்டியான ரப்பர் விரிப்பு, 3 முதல் 5 மில்லிமீட்டர். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் அருமை. ஸ்பாஞ்ச், தெர்மோகோல், மடித்த சாக்கு வேண்டாம். மெத்தென்று இருந்தால் அதிர்வு குறையும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ். இன்று இறுக்கிய போல்ட் அது அமுங்கியதும் நாளைக்குத் தளர்ந்திருக்கும். சாக்கு ஆசிட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு புதுத் தட்டையும் தின்னும். பேட்டரிக்கும் விளிம்புக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதே பெல்ட் துண்டை நறுக்கிச் செருகுங்கள், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும். மேலே எதுவும் மாட்டாமலேயே பேட்டரி பக்கவாட்டில் நகரக் கூடாது.

இப்போது மேலே. கம்பெனிக்காரர்கள் செய்த அதே முறையைத்தான் நானும் சொல்வேன், அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை: இரண்டு கொக்கி போல்ட், குறுக்கே ஒரு பட்டை. பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இது கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஹார்டுவேர் கடையில் நீளம் முழுவதும் மரை வெட்டிய 8 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் வாங்குங்கள். பட்டறை வைஸில் பிடித்து, 12 மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றிக் கொக்கியாக வளையுங்கள். சூடுபடுத்தாமல் வளைத்தால் பலம் குறையாது. கொக்கி மாட்டுவதற்குத் தட்டின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும், நடுவாக, ஒவ்வொரு துளை. துளையிலிருந்து கொக்கி நழுவி வெளியே வராதபடி உள்நோக்கி மாட்ட வேண்டும்.

இனி ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. தோட்டத்தில் சொட்டுநீர் போட்டு மிச்சமான 12 மில்லிமீட்டர் லேட்டரல் குழாய் கிடக்கும். அதை அளவாக நறுக்கி, போல்ட்டின் மேல் உறை மாதிரி ஏற்றிவிடுங்கள். பேட்டரி ஓரமாகச் செல்லும் அந்த இரும்புக் கம்பி முழுவதும் மூடிவிடும். அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கை ஆசிட் ஒன்றும் செய்யாது, பேட்டரியின் பக்கச் சுவரையும் மரை அராவாது. 16 மில்லிமீட்டர் குழாய் இருந்தால் நெடுக்கே கத்தியால் கீறி, மேல் பட்டையின் விளிம்புகளில் மாட்டிவிடலாம். காசு செலவில்லாமல் ஷார்ட் ஆகும் வழி பாதி அடைபடும்.

மேல் பட்டைக்கு 20-க்கு 20 மில்லிமீட்டர் எல் ஆங்கிள் நல்லது. தட்டையான பட்டை என்றால் இறுக்கும்போது வில் மாதிரி வளைந்து, நடுவில் பிடிக்காமல் ஓரங்களில் மட்டும் கடிக்கும். பட்டை எங்கே உட்கார வேண்டும் என்பது முக்கியம். ஆறு மூடிகளில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், பேட்டரியின் குறுக்காக. அப்போது ஒரு மூடியையும் மறைக்காது, தண்ணீர் ஊற்றப் பட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. மூடிகளை மறைத்துப் பட்டை போட்டுவிட்டு, கழற்றச் சோம்பல்பட்டு, தண்ணீரே ஊற்றாமல் பேட்டரியைக் காயவைத்தவர்கள் உண்டு. இரண்டு முனைகளிலிருந்தும் பட்டை நன்றாகத் தள்ளியே இருக்கும். பட்டைக்கு அடியில் கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று வையுங்கள். டி வகை அகலப் பேட்டரி என்றால் ஒற்றைப் பட்டைக்குப் பதிலாக மேல் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் நாற்கோணச் சட்டம் செய்வது இன்னும் உறுதி.

போல்ட்டில் பெரிய வாஷர், அதன் மேல் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகத் தளராத நட்). 13 ஸ்பானர். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். முதலில் விரலால் முடிந்த மட்டும், பிறகு ஸ்பானரில் முக்கால் சுற்று, ஒரு சுற்று. நைலாக் நட் விரலுக்கு அடங்காது, அதனால் பட்டை ரப்பரைத் தொடும் வரை விரல் இறுக்கம் என்று கணக்கு வையுங்கள். பலம் இருக்கிறது என்று முறுக்கினால் பேட்டரியின் பிளாஸ்டிக் மூடி குழிந்து, ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விடும். ஆசிட் கசிவு அங்கிருந்து தொடங்கும். போதுமான இறுக்கம் எது என்பதற்கு ஒரே சோதனைதான். பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். வண்டியின் முன்பக்கம் டயரோடு சேர்ந்து ஆட வேண்டும், பேட்டரி தனியாக ஆடக் கூடாது. அதற்கு மேல் அரைச் சுற்றுகூட வேண்டாம். நட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டி எறியுங்கள். அதுவும் பானட்டைக் குத்தும்.

பானட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது, மூடினால் மறைந்துவிடும். வீட்டில் சப்பாத்தி மாவு ஒரு எலுமிச்சை அளவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேபிள் கிளாம்பைப் பாசிட்டிவ் முனையில் மாட்டி (நெகட்டிவ் இன்னும் கழன்றே இருக்கட்டும்), அதன் உச்சியில் மாவு உருண்டையை வைத்து, பானட்டை வழக்கம் போல அழுத்தி மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் கனம்தான் இடைவெளி. இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் கவலை இல்லை. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அந்தப் பேட்டரி உங்கள் வண்டிக்கு உயரம் அதிகம். பழைய பானட் ஒரு ஆள் கைவைத்துச் சாய்ந்தாலே அந்த அளவு அமுங்கும். எப்படி இருந்தாலும் பானட்டின் அடிப்பக்கத்தில் அந்த இடத்தில் கையகல ரப்பர் ஒன்றை ஒட்டிவிடுங்கள், பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் தொப்பியும் போடுங்கள். ஆனால் இவை இரண்டும் இரண்டாம் காவல்தான். ரப்பர் தொப்பி இருக்கிறதே என்று ஆடும் பேட்டரியை விட்டுவிடாதீர்கள், தொப்பி கிழிய நான்கு நாள் போதும்.

கேபிள்களையும் விட்டுவிடக் கூடாது. பேட்டரியைக் கேபிளே பிடித்துக்கொண்டிருக்கிற வண்டிகள் நிறைய. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கேபிள் முனையை இழுக்கும், முனையின் அடியில் உள்ள அடைப்பு தளரும், அந்த வழியாக ஆசிட் ஊறி வந்து வெள்ளையாகப் பூக்கும். எத்தனை தரம் சுரண்டினாலும் ஒரே முனையில் மட்டும் பூத்துக்கொண்டே இருந்தால் காரணம் இதுதான். கேபிள் கொஞ்சம் தளர்வாக வளைந்து வந்து, முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் சேஸிஸில் கிளிப்பில் மாட்டியிருக்க வேண்டும். ஜப்பான் முறைச் சின்னப் பேட்டரிகளில் முனை மெல்லியதாகவும் வரும், தடித்ததாகவும் வரும். தடித்த முனைக்கான கிளாம்பை மெல்லிய முனையில் மாட்டி, இடுக்கில் ஆணி அடித்தோ சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றியோ ஓட்டுகிறார்கள். பேட்டரிக் கடையில் இதற்கென்றே ஈய புஷ் விற்கிறது, சில ரூபாய்தான். எர்த் கேபிளின் மறுமுனை என்ஜின் அல்லது கியர்பாக்ஸ் உடம்பில், பெயின்ட் சுரண்டிய பளிச்சென்ற இரும்பில் இருக்க வேண்டும். புதுத் தட்டு செய்யும்போது எர்த்தைத் தட்டிலேயே மாட்டிவிடும் பழக்கம் உண்டு. எபாக்ஸி அடித்த தட்டில் அது வேலைக்கு ஆகாது.

நீங்கள் கேட்ட பெல்ட்டுக்கு வருகிறேன். கொக்கி போல்ட் செய்து வரும் வரைக்கும் தற்காலிகமாகக் கட்டத்தான் வேண்டும் என்றால், லாரிகளில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டின் சின்ன அளவு, பாலியெஸ்டர் நூலில் நெய்தது, போதும். மின்சாரம் கடத்தாது, ட்யூப் போல நீளாது. நைலான் கயிறு வேண்டாம், கந்தக அமிலம் நைலானைத் தின்றுவிடும். பார்க்க முழுதாக இருக்கும், இழுத்தால் பொடியாகும். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். ராட்செட்டின் இரும்புப் பூட்டு பேட்டரியின் மேல் வராமல் தட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். தினமும் காலையில் ஒரு பல் இறுக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு வாரம், பத்து நாள் ஓட்டலாம். வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

தோப்பில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது, பேட்டரி திருட்டுப் போகும் பயமும் இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதற்காகப் பேட்டரியைச் சுற்றிக் கூண்டு வைத்து வெல்டு செய்துவிடும் யோசனையைக் கைவிடுங்கள். தீப்பிடித்தால் கைக்கு எட்டாது. சங்கிலி போட்டுப் பூட்டுவதும் ஆபத்து, முனைகளுக்குப் பக்கத்தில் தொங்கும் சங்கிலியைப் போல ஷார்ட் வேறெதுவும் செய்யாது. பானட்டுக்கு ஒரு பூட்டுக் கொண்டி வையுங்கள். பகலில் ஓட்டும்போது அது திறந்தே இருக்கட்டும், இரவில் மட்டும் பூட்டுங்கள். நெகட்டிவ் கேபிளில் கையால் திருகும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று மாட்டிவிட்டால், ஏதாவது புகைந்தால் ஸ்பானர் தேடாமல் ஒரே திருகில் கரன்ட்டை நிறுத்தலாம். அந்த ஆனைமலை வண்டிக்குப் பிறகு என்னிடம் வருகிற ஒவ்வொரு பழைய வண்டிக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். 13 ஸ்பானர் ஒன்றும் டூல்பாக்ஸிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம்.

வேலை முடிந்து முதல் நாள் ரொட்டவேட்டர் ஓட்டிய பிறகு மாலையில் பானட்டைத் திறந்து மறுபடி ஆட்டிப் பாருங்கள். ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும், கால் சுற்று கேட்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம். அதன் பிறகு என்ஜின் ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும். அப்போதே மூடிகளைத் திறந்து தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவி மூடுங்கள்.